ஆயிரத்தில் ஒரு பங்கு

கார் கம்பெனி மூடிவிட்டது. உதிரிபாகம் வருவதில்லை. சட்டமோ எஞ்சினில் கை வைக்காதே என்கிறது. திருவனந்தபுரத்தில் பழைய கார் வைத்திருப்பவருக்கு மிச்சமிருக்கும் புகலிடம் லேத் பட்டறைதான்.

திருவனந்தபுரத்தின் மிகப் பிரபலமான பழைய கார் எது என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் அதிகம் யோசிக்க மாட்டார்கள். சி.ஏ.என். 42 என்ற எண் கொண்ட மெர்சிடிஸ் பென்ஸ் 180. 1991 முதல் 2013 டிசம்பரில் மறையும்வரை திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவராக இருந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஐம்பதுகளில் வாங்கியது. அப்போது அதன் விலை சுமார் 12,000 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. மன்னருக்குக் காரோட்டுவதில் பிரியம். நீண்ட தூரம் ஓடியதற்காகக் கம்பெனி வழங்கிய பதக்கங்கள் பற்றியும், பழையதைக் கொடுத்தால் இரண்டு புதிய கார்கள் தருவதாகக் கம்பெனி சொன்னதை அவர் மறுத்தது பற்றியும் செய்திகள் வந்தன. 2022இல் அந்தக் கார் அவரது விருப்பப்படி அவருடைய நண்பரான தொழிலதிபர் எம்.ஏ. யூசுப் அலிக்குப் போகிறது என்பதும் தலைப்புச் செய்தியானது.

பென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை அடுத்த ஃபெல்பாக்கில் 1993 முதல் பழைய பென்ஸ்களுக்கென்றே ஒரு மையம் நடக்கிறது. பணம் இருந்தால் பாகம் கிடைக்கும்.

மற்றவர்கள் கதை அப்படியல்ல. திருவனந்தபுரத்தில் இன்னும் 'கே.எல்.டி.' எண் பலகையோடு ஓலைக் கொட்டகையிலோ போர்ட்டிகோவிலோ நிற்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை மன்னர் வாங்கியவை அல்ல. கல்லூரி ஆசிரியர்களும் டாக்டர்களும் வக்கீல்களும் வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியவை. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்தக் காலத்தில் இந்தியாவில் இவ்வளவுதான் தேர்வு. மூன்றுமே இன்று அனாதைகள். சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை எண்பதுகளின் இறுதியில் நின்றுபோனது. பம்பாயின் பிரீமியர் பத்மினி 2000 வாக்கில் முடிந்தது. கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றபோது தலையங்கங்களே எழுதினார்கள். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர் 2014 மே மாதம் நின்றது.

கதவு நெளிந்தால் தட்டி எடுக்கலாம். சீட் கிழிந்தால் தைக்கலாம். சேஸிஸ் துருப்பிடித்தாலும் வெல்டிங் இருக்கிறது. எஞ்சின் போனால்?

எண்தான் அடையாளம்

சுலபமான வழி ஒன்று உண்டு. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்திவிடுவது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ அம்பாசடர்களுக்கு டீசல் இதயம் பொருத்தப்பட்டது. டாக்சிக்காரர்களுக்கு அது சரி. பழைய காரைப் பழைய காராகவே வைத்திருக்க நினைப்பவருக்கு அது தற்கொலை.

காரணம் வெறும் உணர்ச்சி அல்ல. எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு காரின் ஜாதகம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பாரம்பரிய வண்டிகளுக்கென முதல் தடவையாக ஒரு விதியைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, அசல் நிலையிலேயே பராமரிக்கப்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு. எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக்கூடாது. முக்கியமான நிபந்தனை இதுதான்: சேஸிஸ், உடல்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக்கூடாது.

இன்னொரு பக்கம், சாதாரணப் பதிவிலேயே வைத்திருப்போம் என்றால் அதுவும் மலிவில்லை. 15 வயது கடந்த சொந்தக் காருக்கான மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயது கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். இவ்வளவு செலவு செய்து காக்கும் கார் அசல் இல்லை என்று ஆகிவிட்டால் யாருக்குச் சந்தோஷம்?

ஆக, அதே பிளாக்கைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். மெக்கானிக் ஒருவரால் மட்டும் அது முடியாது. இங்கேதான் லேத்காரர் வருகிறார்.

காதும் கண்ணும்

கேரளப் பட்டறைகளில் தலைமை மெக்கானிக்கை 'ஆசான்' என்பார்கள். தமிழ்நாட்டில் மேஸ்திரி. ஆசான் வேலை செய்வது பெரும்பாலும் காதால். காலையில் குளிர்ந்த எஞ்சினில் லொடலொட என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. ஏற்றத்தில் அடிவயிற்றிலிருந்து தொம் தொம் என்றால் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங். அதைவிட லேசாக, வேகம் கூடக் கூடத் தட்டினால் கனெக்டிங் ராடின் பெரிய முனை. சந்தேகம் என்றால் பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்ப்பார். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கிலும் சிலிண்டரிலும். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில்.

லேத்காரருக்குக் காதில் நம்பிக்கை கிடையாது. அவருடைய உலகம் கண்ணும் கையும் மைக்ரோமீட்டரும். அவர் பேசும் அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறை பாஷையில் 'தவ்'. மில்லிமீட்டரில் சொன்னால் 0.0254. தலைமுடியின் தடிமன் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். மீட்டர் முறை 1950களில் சட்டமாகிவிட்டது என்பது வேறு விஷயம். பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களைத் தொடும் கைகள் இன்னும் அங்குலத்தில்தான் யோசிக்கின்றன. இத்தாலிய ஃபியட் வந்தால் மட்டும் மில்லிமீட்டருக்கு மாறுவார்கள்.

இந்த நகரத்துக்கு இந்த வேலை புதிதல்ல. சாலை வழிப் போக்குவரத்தைத் திருவிதாங்கூர் அரசே நடத்தத் தீர்மானித்தபோது, லண்டன் போக்குவரத்து வாரியத்தில் இருந்த சால்ட்டர் என்ற அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய 60 காமர் சேஸிஸ்களை இங்கிலாந்திலிருந்து தருவித்து, உடல்பகுதியை இங்கேயே மரத்தில் கட்டவைத்தார். பட்டறை சாக்கையில் அமைந்தது. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாளும் குடும்பத்தாரும் பயணிகளாக ஏறிக்கொள்ள முதல் பஸ் கவடியார் வரை போனது. மறுநாள் பயணிகளுக்கான முதல் சர்வீஸ் களியக்காவிளைக்கு. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். கப்பலில் பாகம் வந்து சேர மாதங்கள் ஆகும் காலம் அது. தேய்ந்ததை இங்கேயே கடைந்து கொள்ளத் தெரிந்தால்தான் பஸ் ஓடும். அதே சாக்கையில் பிற்பாடு அரசு ஐ.டி.ஐ. வந்தது. டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் என்று பையன்கள் பயின்றார்கள்.

முதலில் பிஸ்டன்

ஒரு ஹெரால்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1961இல் இந்தியாவில் அறிமுகமான கார். பானெட் முழுவதும் முதலை வாய்போல முன்பக்கமாகத் திறக்கும். அதனாலேயே மெக்கானிக்குகளுக்குச் செல்லம், முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். நான்கு சிலிண்டர், 948 சி.சி., சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 76. நீல நிறப் புகை விடுகிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது.

எஞ்சினை இறக்கிக் கழற்றும்போதே முதல் ஆபத்து காத்திருக்கிறது. கிராங்க் ஷாப்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. அவற்றின் மூடிகளைப் பிளாக்கோடு சேர்த்துத்தான் ஆலையில் துளைத்திருப்பார்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் துளை வட்டமாக இருக்காது. ஆகவே நல்ல ஆசான் ஸ்பானரைத் தொடும் முன் மூடிகளிலும் கனெக்டிங் ராடுகளிலும் அடையாளப் புள்ளி குத்துவார். அவசரக்கார உதவியாளன் எல்லாவற்றையும் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் கொட்டிவிட்டால், பிறகு லேத்காரர் வரிசையாகத் துளைத்துச் சரிசெய்யும்வரை அந்த பிளாக் வெறும் இரும்பு.

பிளாக் லேத் பட்டறைக்குப் போகிறது. டயல் கேஜ் சிலிண்டருக்குள் இறங்குகிறது. மேலே, நடுவில், கீழே என மூன்று ஆழங்களில், குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று என இரண்டு திசைகளில் அளவு. நான்கு சிலிண்டருக்கு 24 எண்கள். சாக்பீஸால் பிளாக்கின் மேலேயே எழுதிவிடுவது வழக்கம். எண்கள் என்ன சொல்லும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, முதல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் வெடிப்பின் சூடு அதிகம், ஆயில் குறைவு. அங்கே அதிகம் தேயும். தவிர, வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது கனெக்டிங் ராட் சாய்வாக இருப்பதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து அழுத்துகிறது. விளைவு, வட்டம் நீள்வட்டமாகிறது. 'ஓவல் அடிச்சிருக்கு' என்பது தமிழ்ப் பட்டறைத் தீர்ப்பு. இந்த நிலையில் புது ரிங் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்துக்கு வர்ணம் பூசுவதுதான். ஆனாலும் அதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டரில் புகை திரும்பி வருகிறது.

சரி, துளைத்துப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு? இங்கே பழைய காரின் உரிமையாளர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, முதலில் சிலிண்டரைத் துளைத்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது. பிஸ்டன்கள் அசல் அளவைவிட 20, 30, 40, 60 தவ் பெரிதாக என்று படிப்படியாகத்தான் தயாரிக்கப்பட்டன. அவற்றில் எது இப்போது கிடைக்கும் என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை, கோயம்புத்தூர், நாகர்கோவில் என்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். எண்பதுகளில் தயாராகி விற்காமல் பரணில் கிடந்த பெட்டி ஒன்று, மெழுகுத் தாள் கூடப் பிரிக்காமல், எங்காவது கிடைக்கும். சென்னையில் 1949இல் துவங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகள் இந்தக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் பாகம் வார்த்தவை. அந்த நாட்களின் மிச்சம்தான் இப்போதைய புதையல்.

பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் லேத்காரர் இயந்திரத்தைத் தொடுவார். நான்கையும் தனித்தனியாக அளப்பார். பெட்டியின் மேல் அச்சிட்ட அளவை அவர் நம்புவதில்லை. எந்த பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்று முடிவு செய்து அதற்கேற்ப ஒவ்வொரு துளையையும் வெட்டுவார். இரண்டுக்கும் இடையே விடும் இடைவெளி ஒன்றிரண்டு தவ்தான். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஏனென்றால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல இரண்டு மடங்கு விரிவடையும். கூடினால் காலை நேரத்து லொடலொடப்பு திரும்பிவிடும்.

வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம். போரிங் இயந்திரத்தை எதை மையமாக வைத்து நிறுத்துவது? தேய்ந்துபோன மேல்பகுதியை நம்பினால் மையமே விலகிவிடும். ரிங் எட்டாத அடிப்பகுதி மட்டும் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும். அனுபவசாலி அங்கேதான் மையம் பிடிக்கிறார். அதற்கு முன் பிளாக்கின் மேல்தளம் சமமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார், இயந்திரம் உட்காருவது அதன் மேல்தானே.

கடைசி இரண்டு மூன்று தவ்வை விட்டுவைத்து ஹோனிங் கல்லால் தேய்க்கிறார்கள். மண்ணெண்ணெய் வழிய, கல் சுழன்றபடி மேலும் கீழும் போய்வர, சுவரில் பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுகின்றன. கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் நல்லது என்று வண்டிக்காரர் நினைப்பார். தவறு. அந்த மெல்லிய கோடுகளில்தான் ஆயில் தங்குகிறது, புது ரிங்கும் அதில் உரசித்தான் பொருந்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், 40 தவ் பெரிதாக்கிய ஹெரால்டு எஞ்சின் கணக்குப்படி 978 சி.சி. ஆகிவிடும். பதிவுப் புத்தகத்தில் 948தான் இருக்கும். இது எஞ்சின் மாற்றமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் தேவையில்லை. ஓவர்சைஸ் பிஸ்டன்களை விற்றதே கார் கம்பெனிகள்தான். எண் பொறித்த இரும்பு அதேதான்.

துளைக்க இனிச் சுவரில் கனம் இல்லை என்ற கட்டம் வந்துவிட்டால்? அப்போது ஸ்லீவ். பிளாக்கைத் தாராளமாகத் துளைத்து, அதற்குள் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கமாக அழுத்தி இறக்கி, அதன் உள்பக்கத்தை மறுபடி அசல் 63 மி.மீ.க்கே கடைகிறார்கள். அந்த பிளாக்குக்கு மறுபிறவி.

உடையும் மூலை

கிராங்க் ஷாப்ட் வேலை இதைவிடச் சிக்கலானது, திருவனந்தபுரத்துக்காரர்களில் சிலர் அதற்காக நாகர்கோவிலுக்கோ கோவைக்கோ போகத் தயங்குவதில்லை. ஜர்னல் எனப்படும் உருளைப் பகுதிகள் தேய்ந்திருந்தால் 10, 20, 30 தவ் என்று சிறிதாக்கிச் சாணை பிடிக்க வேண்டும். சிலிண்டர் பெரிதாகும்போது பிஸ்டன் 'ஓவர்சைஸ்'. ஜர்னல் சிறிதாகும்போது பேரிங் 'அண்டர்சைஸ்'. இந்தக் குழப்பத்தில் மாற்றி வாங்கிவந்து திரும்ப பஸ் ஏறியவர்கள் உண்டு.

ஜர்னல் முடிந்து கிராங்கின் சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வளைவு இருக்கும். சாணைக்கல் விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்த வளைவு போய் மூலையாகிவிடும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வெடிப்பின் அதிர்வும் அந்த மூலையில் போய்க் குவிந்து, விரிசல் கண்டு, ஒருநாள் கிராங்க் இரண்டாகும். ஆகவே கல்லின் முனையை வைரத்தால் உருட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆயில் துவாரங்களின் விளிம்பையும் மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பேரிங்கைச் சீவிவிடும். இரண்டுமே அரைமணி நேர வேலை. பில்லில் தனியாகப் போட முடியாத வேலையும்கூட. நல்ல பட்டறைக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

ஹெரால்டுக்கென்று ஒரு பரம்பரை வியாதி உண்டு. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அதைத் தடுப்பது பின் மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள். அவை தேய்ந்து கீழே ஆயில் தொட்டியில் விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கையே அறுக்கத் தொடங்கும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவர்களின் வண்டியில் இது சீக்கிரம் நடக்கும். கிராங்க் முன்னும் பின்னும் எத்தனை தவ் ஆடுகிறது என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். பிளாக் அறுபட்டால் அதைத் திரும்ப உருவாக்க ஒரு மாதம்.

இன்னும் பழைய வண்டி, யுத்தத்துக்கு முந்தியது வந்தால் கழற்றிப் போடும் பேரிங்கே பல எஞ்சின்களில் கிடையாது. வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த உலோகத்தை உருக்கி நேரடியாக ஊற்றிக் கடைய வேண்டும். நீலச் சாயம் தடவி, கிராங்கை வைத்துச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளைக் கையால் சுரண்டிச் சுரண்டிச் சமப்படுத்துவார்கள். இது தெரிந்த கைகள் அநேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன.

பெட்ரோல் தந்த வேலை

சிலிண்டர் ஹெட்டில் அரசாங்கமே ஒரு வேலையைக் கூட்டிவைத்தது. பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. உடம்புக்குக் கேடு, ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இரும்பு விளிம்பில் படிந்து அதைக் காப்பாற்றியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான். அம்பாசடர், ஹெரால்டு போன்ற வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் மட்டும் வால்வு சிறிது சிறிதாகத் தன் இருக்கையைத் தின்று உள்ளே இறங்கத் தொடங்கியது. இதற்கு வைத்தியம், அந்த விளிம்பை வெட்டி எடுத்துவிட்டுக் கெட்டி உலோக வளையம் பதிப்பது. மறுபடி லேத்காரர்தான். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதில் ஊறி இளகுகின்றன. எஞ்சினைப் புதுப்பித்துவிட்டுப் பழைய குழாயை அப்படியே விட்டவர்கள் வழியில் நிற்கிறார்கள்.

இவற்றோடு திருவனந்தபுரத்துக்கே உரிய எதிரி ஒன்று, ஈரம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, வருஷம் முழுக்கக் கடல்காற்று. வீட்டில் பெரியவர் காலமான பிறகு ஓடாமல் நின்ற கார் என்றால் நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரோடு ஒட்டியே போயிருக்கும். டீசலை ஊற்றி நாட்கணக்கில் ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி அசைக்க வேண்டும். பொறுமை இழந்து சம்மட்டியால் அடித்தால் ராட் வளையும். இந்த ஊரில் காலையில் ஹோனிங் செய்த சிலிண்டர் மாலைக்குள் செம்பட்டை கட்டத் தொடங்கிவிடும். ஆகவே துளைத்த பிளாக்கைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு வராத வரை மறுபடி கழுவி, உடனே ஆயில் பூசிவிட வேண்டும். பெட்ரோலால் கழுவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பெட்ரோல் அழுக்கைக் கரைக்கும், கல்துகளை வெளியேற்றாது. அந்தத் துகள்தான் புது ரிங்கைத் தின்னும்.

யார் இருக்கிறார்கள்?

கார் வைத்திருப்பவர்களுக்கு ஊர்வலம் உண்டு, பரிசு உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. லேத்காரர் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படுவதில்லை. அதைவிடக் கவலை தருவது அவருக்கு வேலை குறைந்துகொண்டிருப்பது. இன்றைய கார் எஞ்சின்கள் ரீபோர் கேட்காமலே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடுகின்றன. கெட்டுப்போனால் பாதி எஞ்சினையே மாற்றிவிடுகிறார்கள். பல புதிய எஞ்சின்களுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே கிடையாது. லாரியும் ஜீப்பும் ஜெனரேட்டரும் கொடுக்கும் வேலையில்தான் போரிங் இயந்திரங்கள் ஓடுகின்றன. பழைய கார் அவர்களுக்கு லாபம் தரும் சரக்கல்ல. ஒரு பிளாக்குக்காக மூன்று நாள் இயந்திரத்தை ஒதுக்க வேண்டும், கிடைப்பதோ ஒரு லாரி வேலையின் கூலி. அப்படியும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் அதில் கொஞ்சம் வீம்பும் இருக்கிறது.

களமசேரி எச்.எம்.டி. ஆலையில் தயாரான லேத்கள் கேரளப் பட்டறைகளில் இன்னும் உழைக்கின்றன. அவற்றை ஓட்டப் பையன்கள் வருவது குறைவு. ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படித்தவன் கணினி இயந்திரத்தில் பட்டன் அழுத்தும் வேலைக்குப் பெங்களூரோ வளைகுடாவோ போகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அங்கே சம்பளம் மாதம் பிறந்தால் வருகிறது. ஆனால் கணினி இயந்திரத்துக்கு ஒரே மாதிரி ஆயிரம் உருப்படி வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து, ஒரு பக்கம் துருப்பிடித்து, முன்னால் யாரோ கோணலாகத் துளைத்துவிட்டுப் போன ஒற்றை பிளாக்கை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பது வேறு படிப்பு. பழைய கார் மன்றங்கள் வருஷா வருஷம் நடத்தும் ஊர்வலங்களின் செலவில் ஒரு பகுதியை இரண்டு பையன்களின் பயிற்சிக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

களியக்காவிளை வரை

ஹெரால்டு எஞ்சின் திரும்ப வண்டியில் ஏறிவிட்டது. ரிங் முனைகளுக்கு இடையே பத்து தவ் அளவுக்கு இடைவெளி விட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் சொன்ன வரிசையில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கியாயிற்று. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மோட்டாரால் சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்தாயிற்று. இனி ஸ்டார்ட் செய்யலாம்.

இந்த நேரத்தில் ஆசானுக்கும் லேத்காரருக்கும் ஒரு சண்டை வரும். புது எஞ்சினை மெதுவாக ஐடிலில் விட்டுச் சூடேற்றுவது பழைய பட்டறைப் பழக்கம். அது கேம் ஷாப்டுக்குக் கெடுதல். மெதுவாகச் சுழலும்போது கேமுக்குப் போதிய ஆயில் தெறித்துப் போவதில்லை. முதல் இருபது நிமிஷம் நிமிஷத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று ஓடவிடுவதே சரி. சத்தத்தில் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள், வரட்டும்.

பிறகு சாலை. கரமனை, பாப்பனங்கோடு, நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை. 1938இல் முதல் பஸ் போன அதே தடம். போய் வந்தால் அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது, டாப் கியரில் முக்க விடக்கூடாது, ஏற்றத்தில் சற்று அழுத்தி, இறக்கத்தில் விட்டு, ரிங்குகளுக்குச் சுவரில் உட்கார வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எல்லைக் கடைத்தெருவில் டீக்கு நிறுத்தும்போது யாராவது வந்து 'எந்த வருஷ வண்டி' என்று கேட்பார்கள். எஞ்சின் அசலா என்பது இரண்டாவது கேள்வி.

ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை மாற்ற வேண்டும். வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்ப்பார் ஆசான். சாம்பல் நிறத்தில் மிக நுண்ணிய தூள் இருந்தால் அது ரிங் உட்காருவதன் அடையாளம், பயமில்லை. தங்கம்போலவோ வெள்ளிபோலவோ மினுமினுத்தால் பேரிங். அவர் இரண்டு விரலுக்கு இடையே அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வண்டிக்காரர் மூச்சு விடுவதில்லை.